டியூஷன் இல்லாத சனிக்கிழமைகள்

பெப்ரவரி 1, சனி

காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி வைத்து, இடியப்பத்துக்கு மா குழைக்கப் போகும்போதுதான் நினைவு வந்தது, இன்றைக்கு எங்கேயும் ஓட வேண்டியதில்லை. மகளின் ஏ.எல்., அதாவது உயர்தரப் பரீட்சை, டிசம்பரில் முடிந்தது. ஜனவரி முழுக்க அவள் நித்திரை கொண்டாள், நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன புதன் இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு, அம்மம்மாவிடம் போய்விட்டாள்.

முதலில் ஓ.எல்., பிறகு ஏ.எல். என்று ஐந்து வருடம். சனி காலை பம்பலப்பிட்டியில் கணிதம், மத்தியானம் நுகேகொடையில் பௌதிகவியல், ஞாயிறு இரசாயனவியல், அது போதாதென்று பின்னேரம் இன்னொருவரிடம் அதே இரசாயனவியல். அவள் உள்ளே படிக்க, நான் வெளியே படிக்கட்டில் மற்றத் தாய்மாரோடு இருந்து எந்த சேர் எந்தப் பாடத்துக்குத் திறம் என்று ஆராய்ச்சி செய்வேன். அந்த ஆராய்ச்சிக்குப் பட்டம் கொடுத்தால் எனக்கு இரண்டு கிடைக்கும்.

இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குக் கையில் எடுத்த போனை ஐந்து மணிக்குத்தான் வைத்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவரிடம் சொன்னதற்கு, "சும்மா இரும் பாப்பம், இப்பதானே ஓய்வெண்டு ஒண்டு கிடைச்சிருக்கு" என்று பேப்பரைத் திருப்பினார். சும்மா இருப்பது எனக்கு வராது. வெள்ளவத்தைக்கு வந்து இருபது வருடம், தெரிந்த இடங்களை எண்ணினால் அலுவலகம், கோயில், மீன்கடை, டியூஷன் வாசல்கள். அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் குறிப்பு. வாரத்தில் ஒரு நாளாவது வெளியே போய், போனதை இங்கே எழுதுவது.

பெப்ரவரி 8, சனி

அலுவலகத்தில் ஒருத்தி குரோஷே ஊசியும் நூலும் தந்தாள். கோப்பைக்குக் கீழே வைக்கிற வட்ட விரிப்புத்தான் எல்லாருக்கும் முதல் பாடமாம். மூன்று நாள் மினக்கெட்டேன். வட்டம் வரவில்லை, தேங்காய்க்குத் தொப்பி மாதிரி ஒன்று வந்தது. ஊசியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

பின்னேரம் 57ஆம் ஒழுங்கைக்கு நடந்துபோய்த் தமிழ்ச் சங்க நூலகத்துக்குள் முதல்முறையாக நுழைந்தேன். 1942இல் தொடங்கிய சங்கம், வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இத்தனை வருடமாக மண்டபத்தில் நடக்கும் புத்தக வெளியீட்டுக்கும் கூட்டத்துக்கும் போய், வடையைத் தின்றுவிட்டு வந்திருக்கிறேனே ஒழிய, நூலகப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வெட்கம்தான்.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஒவ்வொரு பெப்ரவரியும் நான்கு நாள் உலகம் முழுக்கப் பறவை எண்ணுகிறார்களாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று கண்டதையும் கேட்டதையும் ஈபேர்ட் செயலியில் பதிந்தால் சரி. காசு இல்லை, பயணம் இல்லை, ஊசி நூல் இல்லை. விடியப் பால்கனியில் கதிரையைப் போட்டு எண்ணினேன்.

காகம் 41. மாடப்புறா 9. கிளி 6. மைனா 4. கொண்டைக்குருவி 2. செண்பகம் 1, அதுவும் சத்தம் மட்டும்.

காகம் 41 என்று பதிவதற்கு ஒரு மாதிரி இருந்தது, ஆனால் வெள்ளவத்தையில் வேறு என்ன எதிர்பார்க்கலாம்? அப்போதுதான் பின் ஒழுங்கையில் இடித்துப்போட்டு இன்னும் கட்டாமல் கிடக்கிற காணியிலிருந்து இரண்டு சுருதியில் ஒரு விசில் வந்தது. யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி. எட்டிப் பார்த்தால் பலாமரமும் குப்பையும்தான். மூன்றாம் மாடி மாஸ்டர் பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். "அது ஆறுமணிக்குருவி பிள்ளை. இந்தியாவிலயிருந்து வாறது. ஒக்டோபர்ல வந்து ஏப்ரல்ல போயிடும். நான் இஞ்ச வந்து பன்னிரண்டு வருசம், கேட்டிருக்கிறன், ஒருநாளும் காணேல்ல."

பன்னிரண்டு வருடம் காணாத ஒன்றை ஏப்ரலுக்குள் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. தோன்றிவிட்டது.

பெப்ரவரி 22, சனி

முதலில் ஒன்லைனில் மலிவாக ஒரு தொலைநோக்கி எடுத்தேன். அதற்குள்ளால் பார்த்தால் எல்லாக் குருவியும் மார்கழி மழைக்குள் நிற்கிற மாதிரித் தெரிந்தது. விற்றவருக்கு மூன்று செய்தி அனுப்பியும் பதில் இல்லை, காசு போனது போனதுதான். பிறகு மகளின் சிநேகிதியின் தகப்பன் தன்னுடையதைக் கொஞ்ச நாளைக்குத் தந்தார். 8×42. எட்டு என்றால் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும், 42 என்றால் முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீற்றரில். பத்து மடங்கு இன்னும் நல்லதுதானே என்று கேட்டேன். பெரிதாக்கப் பெரிதாக்கக் கை நடுக்கமும் பெரிதாகுமாம், புதிதாகப் பழகுகிறவருக்கு எட்டுப் போதும் என்றார்.

மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளையும் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஏ.எல். வினாத்தாள் தொகுப்பு வாங்கத்தான் இந்த வரிசைக்கு முன்பெல்லாம் வருவேன், கால் பழக்கத்தில் அந்தக் கடைக்கே போய் நின்றது. அட்டை கழன்ற பழைய பறவைப் புத்தகம் ஒன்று பக்கத்துக் கடையில் கிடைத்தது. அதில் ஆறுமணிக்குருவியின் படத்தைக் கண்டேன். பச்சை முதுகு, வெளிர் மஞ்சள் நெஞ்சு, அடிவயிற்றில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, செட்டையில் நீலத் திட்டு, பேருக்கு ஒரு கட்டை வால். இத்தனை நிறத்தை வைத்துக்கொண்டு பற்றைக்குள் ஒளிந்து திரிகிறது. மரத்தில் தேடக்கூடாதாம், நிலத்தில், சருகைக் கிளறிப் பூச்சி தின்கிற இடத்தில் தேட வேண்டுமாம். இவ்வளவு நாளும் நான் பலாமரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

இவரையும் இழுத்துக்கொண்டு தேசிய அருங்காட்சியகம். முன்புறத்து ஆலமரத்தடியில் கிளியைத் தவிர ஒன்றும் இல்லை, அதனால் உள்ளே போனோம். 1877இல் திறந்த கட்டடம். நான் கடைசியாக வந்தது மகள் நான்காம் வகுப்பில் இருக்கும்போது, அன்றைக்குப் பார்த்தது பிள்ளைகளின் தலைகளை மட்டும்.

காலி மும்மொழிக் கல்வெட்டு என்று ஒரு கல் நிற்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதி. சீனம், தமிழ், பாரசீகம். மூன்றும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்பு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை வைக்கிறது, பாரசீகம் அல்லாஹ்வுக்கு, தமிழ் தென்வரை நாயனாருக்கு, அதாவது தெற்கே தெவிநுவரவில் கோயில்கொண்டிருந்த விஷ்ணுவுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றேதான். எந்தச் சாமி கேட்டாலும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். நான் கணக்காளர், எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது.

"தமிழ்தானே, வாசிக்கலாம்" என்று இவர் கிட்டப் போய்க் கண்ணாடியை ஏற்றி இறக்கி ஐந்து நிமிடம் நின்றார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "எழுத்துத் தேஞ்சுபோச்சு" என்று திரும்பினார். அது உண்மையும்தான். 1911இல் கண்டெடுக்கும்வரை காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்த கல் அது. அறுநூறு வருடத்துக்கு முந்தைய எழுத்தை இவர் பேப்பர் மாதிரி வாசிக்கலாம் என்று நினைத்தது வேறு கதை.

திரும்பும்போது நான் கேட்காமலே, "அடுத்த கிழமை எங்கயாம்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "சும்மா கேட்டனான்" என்றும் சொல்லிவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

கோட்டே, பெத்தகான ஈரநிலப் பூங்கா. கொழும்புக்கு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, முதன்முதலில் அதைப் பெற்ற 18 நகரங்களில் ஒன்று. மழை பெய்தால் வெள்ளம் என்று திட்டுகிற எனக்கு, அந்த வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்கிற இடம் இதுதான் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. சதுப்பை மண் போட்டு நிரப்பிவிட்டால் தண்ணீர் வேறு எங்கே போகும், எங்கள் முற்றத்துக்குத்தான்.

பலகைப் பாதையில் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேறும் நாணலும். நீலத் தாழைக்கோழி நீண்ட விரல்களை வைத்து இலைக்கு மேலே நடக்கிறது, புதுச் செருப்புப் போட்ட கலியாண வீட்டு மாமி மாதிரி. நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கிறது. மடையான் நிற்கும்போது மண்நிறத்தில் இருந்து, பறந்த உடனே முழுக்க வெள்ளை. ஒரு கபரகொய்யா, பெரிய நீர் உடும்பு, பாதைக்குக் கீழே நீந்திப்போக இவர் என் கையைப் பிடித்தார், அதை எழுதவேண்டாம் என்றும் சொன்னார். இந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனைகளும் இருக்கின்றன. இரவில்தான் வெளியே வரும், அதனால் காண வாய்ப்பில்லை, ஆனால் இந்த நகரத்துக்குள் இருக்கின்றன என்பதே எனக்குப் பெரிய செய்தி.

இன்னொன்று. கோட்டே என்ற பெயரே கோட்டை கட்டியதால் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் அழகக்கோனார் இந்தச் சதுப்பையே அரணாக வைத்துக் கட்டினார். யாருக்கு எதிராக? யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திக்கு. செங் ஹவோடு பின்னர் சண்டை பிடித்ததும் அந்த அழகக்கோனார் குடும்பம்தான். போன கிழமைக் கல்லும் இந்தச் சேறும் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை. "அப்ப எங்களை உள்ள விடாம இருக்கத்தான் கட்டினவங்கள்" என்றார் இவர். கொக்குவில்காரர் இரண்டு பேரும் வாசலில் டிக்கெட் எடுத்தல்லவா உள்ளே வந்தோம்.

ஆறுமணிக்குருவி இல்லை.

மார்ச் 13, வியாழன், போயா (பௌர்ணமி விடுமுறை)

பேரை வாவி. கூழைக்கடாக்கள் சும்மா தூங்குமூஞ்சியாக இருக்கின்றன, அவ்வளவு பெரிய பறவைக்கு அவ்வளவு சோம்பல். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமமாலக்க விகாரையில் வெள்ளை உடுத்த கூட்டம். வெயில். ஒரு மணித்தியாலத்தில் வீடு.

மார்ச் 23, ஞாயிறு

கண்டாயிற்று!

மறுபடி பெத்தகான. இந்த முறை இவர்தான் போவோம் என்றார். பாதை ஓரம், மர நிழலில், ஈரச் சருகு. நான் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது இவர் என் முழங்கையைத் தட்டினார். பேசவில்லை. கோழிக்குஞ்சு அளவில் ஒன்று குதித்து நின்றது, வாலை மேலும் கீழும் ஆட்டியது, திரும்பியபோது சிவப்பு. பிறகு பற்றை. மூன்று வினாடி இருக்கும், கூட இருக்காது. நான் கண்ணுக்குத் தொலைநோக்கியைக் கொண்டுபோகவே இல்லை.

படம் எடுத்தீர்களா என்று மகள் போனில் கேட்கிறாள். படம் இல்லை. கொப்பியில் வரைந்திருக்கிறேன், குரோஷே வட்டத்தைவிட நன்றாக வந்திருக்கிறது. மாஸ்டரிடம் காட்டினேன். கனநேரம் பார்த்துவிட்டு, "கால் இவ்வளவு நீட்டோ?" என்று மட்டும் கேட்டார். அவருக்குக் கொஞ்சம் பொறாமை.

ஏப்ரல் 5, சனி

காலிமுகத்திடல். இறால் வடை, பட்டம், உப்புக் காற்று, மணலாய்ப்போன காது. ஆளுநர் ஹென்றி வோர்டின் கல் ஒன்று அங்கே இருக்கிறது. இந்த நடைபாதையைக் கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காகத் தனக்குப் பின்னால் வருபவர்களிடம் ஒப்படைப்பதாக 1859இல் வெட்டி வைத்திருக்கிறார். இவருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப நான் ஓட்டோவுக்குள்ள இருக்கவோ" என்றார்.

விடியக் காணிப் பக்கம் காது கொடுத்தால் ஒன்றும் இல்லை. மூன்று நாளாகச் சத்தம் இல்லை. என் கொப்பியில் பெப்ரவரியில் 6.15, 6.12 என்று இருந்தது மார்ச் கடைசியில் ஆறுக்கு முன்னால் வந்துவிட்டது. சூரியன் முந்தி எழும்ப எழும்ப இதுவும் முந்திக் கூவியிருக்கிறது. ஆறுமணி என்பது சும்மா பெயருக்குத்தான். புறப்பட்டிருக்கும். இமயமலை அடிவாரம்வரை போகிற இனம், முட்டையிடுவது அங்கெல்லாம்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மகள் நேற்று வந்தாள், இரவு ஒரு மணிவரை பயறு வறுத்து, பணியாரம் சுட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம். விடிய ஏழு மணிக்குத்தான் எழும்பினேன். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் என் பறவைக் கொப்பி விரித்தபடி கிடந்தது. அதில் என்னுடையதல்லாத கையெழுத்து, பென்சிலில்:

14.04 – காலை 5.51 – காணிப் பக்கம். இரண்டு தரம் கூவினது. நீர் நித்திரை.