அப்பாவின் ஹெரால்டும் காணாமல் போன தகடும்

போன வியாழக்கிழமை ஆர்.சி. கைக்கு வந்தது. 1969 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு வண்டி. இனி ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை. வண்டியை ஓட வைக்க இரண்டரை வருடம் ஆனது, அது சந்தோஷமான உழைப்பு. அதற்குப் பிறகு காகிதத்துக்காக ஏழு மாதம் அலைந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. பழைய வண்டியைக் கையில் எடுக்கப் போகிறவர்கள் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள்.

முதல் நாள் கவுண்டரில் கேட்ட வார்த்தை: "சார், உங்க நம்பர் சிஸ்டத்துலயே இல்லை." மூன்று எழுத்து, நாலு இலக்கம் கொண்ட அந்தக் காலத்து எண். அப்பா போன பிறகு யாரும் புதுப்பிக்கவில்லை, அதனால் கணினியில் ஏற்றப்படாமலே இருந்துவிட்டது. முதலில் பதிவான அலுவலகத்தின் லெட்ஜரைப் பார்த்து அவர்கள்தான் ஏற்ற வேண்டுமாம். அறுபது கிலோமீட்டர் போனேன். லெட்ஜர் இருந்த அறையின் சாவி வைத்திருந்தவர் லீவு. அடுத்த வாரம் மறுபடி போனபோது, அசல் ஆர்.சி. புக்கைப் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்றார்கள். நான் கொண்டு போனது ஜெராக்ஸ். இந்த இரண்டு நாளும் வீண். அசல் புத்தகத்தோடு போன மூன்றாவது முறை, அரை மணி நேரத்தில் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பாவின் பெயரை நீல மையில் பார்த்ததும் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறதோ அத்தனை பேரின் சம்மதக் கடிதமும் கேட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் அக்காவின் கடிதம் வந்து சேரவே ஒரு மாதம் ஆனது. உங்கள் வீட்டிலும் யாராவது வெளிநாட்டில் இருந்தால் அதை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி எல்லாம் ஒரே நாளில் முடிந்தன.

இடையில் ஒரு புரோக்கர், "ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிதானே, விண்டேஜ்ல போட்டுடலாம்" என்றார். 2021-இல் வந்த விதி அது. அதில் சேர்த்துவிட்டால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதற்காகத்தான் நான் இந்த வண்டியையே எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வழக்கமான புதுப்பித்தலுக்கே படிவம் 25 கொடுத்தேன்.

அப்புறம் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கிற நாள். பானெட்டைத் தூக்கியவர், "சேஸிஸ் நம்பர் தகடு எங்கே?" என்றார். பானெட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் ரிவெட் அடித்த சின்னத் தகடு. வெறும் நான்கு துளைகள்தான் இருந்தன. பெயிண்ட் அடிக்கும்போது கழற்றியிருக்கிறார்கள், நான் கவனிக்கவே இல்லை. தகடு இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. பெயிண்டர் அதற்குள் ஷெட்டைக் காலி செய்து வேறு இடம் போயிருந்தார். நான்கு நாள் தேடி, அவருடைய பழைய பட்டி டப்பாக்களில் ஒன்றன் அடியில், காய்ந்த பட்டியோடு ஒட்டிக் கிடந்ததை எடுத்தேன். தின்னரில் ஊற வைத்துத் துடைத்தபோது ஒவ்வொரு எண்ணாகத் தெரிய ஆரம்பித்தது. இந்த மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். வேலை தொடங்கும் முன் தகட்டையும் என்ஜின் நம்பரையும் போட்டோ எடுத்துவிடுங்கள். தகட்டை நீங்களே கழற்றி வீட்டு பீரோவில் வையுங்கள்.

வண்டி வேலையில் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். இதன் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டில் 13 மி.மீ. ஸ்பேனர் உட்கார்ந்த மாதிரி இருக்கும், இறுக்கினால் முனை தேய்ந்துவிடும். நான் ஆறு நட்டை அப்படிக் கெடுத்தபிறகுதான் புதுப்பேட்டையில் பழைய அங்குல செட் ஒன்றைத் தேடி வாங்கினேன்.

அடுத்தது உயிர் விஷயம். முன்சக்கரத்தின் உள்பக்கம், அடியில் ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு உண்டு. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் மரை அதற்குள் இறங்கி நிற்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழலும். அதற்கு 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். எங்கள் மெக்கானிக் மற்ற வண்டிகளுக்குப் போடுவதுபோல கிரீஸ் அடித்திருந்தார். கிரீஸ் இறுகி மரையின் அடிவரை போகாது, தண்ணீர் புகுந்து துரு ஏறும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். சந்தேகப்பட்டுப் பிரித்துப் பார்த்ததால் தப்பித்தோம். இடது பக்கத் தண்டு பாதி கனம்தான் மிச்சம். நம் ஹெரால்டுக்கு மூலமான ட்ரையம்ப் ஹெரால்டின் புதுத் தண்டும் இங்கிலாந்திலிருந்து ட்ரன்னியனும் வரவழைத்தேன், கச்சிதமாகப் பொருந்தின. வாங்கும்போது இடது, வலது பார்த்து வாங்குங்கள். மரை எதிரெதிர்த் திசை.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு கதவு, பானெட் இடைவெளிகளைச் சரி செய்துவிடுங்கள். இதன் பாடி துண்டு துண்டாக சேஸிஸ் மேல் போல்ட் போட்டது. பிறகு நகர்த்தினால் புதுப் பெயிண்ட் உரியும், எனக்கு உரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்துப் பெருங்களத்தூர் வரை போய் வந்தேன். இந்த வண்டி அங்கே செய்ததுதான். திரும்பி வந்து எங்கள் சந்தில் ரிவர்ஸ் போடாமல் ஒரே திருப்பில் திருப்பினேன். ஹெரால்டுக்கு 25 அடி விட்டம் போதும். "உங்கப்பாவும் இப்படித்தான் திருப்புவார்" என்றார் அம்மா.