பட்டைப் புஷ் மாற்றிய நாட்கள்

16 ஜூன் 2025, திங்கள்

காலை மூன்று மணிக்குக் களக்காட்டில் என் பிக்கப் வண்டியில் 100 ஏத்தன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் சந்தைக்குக் கிளம்பினேன். ஏர்வாடி, வள்ளியூர் தாண்டி நான்குவழிச் சாலை ஏறும்வரை ஒன்றும் தெரியவில்லை. பணகுடி தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. ஆனி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. காவல்கிணறு விலக்கில் திரும்பி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவில் போகும்போது வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக நகர்ந்தது. ஸ்டியரிங் என் கையில் அசையாமல் இருக்கிறது, பின்னால் சரக்குத் தொட்டி ஒரு பக்கம் ஒதுங்குகிறது. ஒரு மாதமாகவே இப்படித்தான். காற்றுதான் என்று விட்டுவிட்டேன்.

திரும்பும்போது வண்டி காலி. வள்ளியூருக்கு இந்தப் பக்கம் காற்றும் அடங்கிவிட்டது. ஏர்வாடி வேகத்தடையில் பிரேக்கை அமுக்கினேன், பின்னால் ‘டொக்’. கிளட்சை விட்டு நகர்த்தினேன், மறுபடியும் ‘டொக்’. காற்றுக்கு இந்தச் சத்தம் வராது.

18 ஜூன், புதன்

மேலத்தெரு அண்ணாச்சியைக் கூப்பிட்டு வந்தேன். லாரிப் பட்டை (பாரம் தாங்கும் வில் போன்ற இரும்புத் தகடுகள்) வேலையில் 35 வருஷம் இருந்தவர், இப்போது வீட்டோடு இருக்கிறார். வந்தவர் வண்டிக்கு அடியில் குனியவே இல்லை. “தம்பி, டேப்பு இருந்தா கொண்டாங்க” என்றார். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை வலது பக்கம் அளந்தார், அப்புறம் இடது பக்கம். இடது பக்கம் 9 மில்லிமீட்டர் கூடுதல். பின் ஹவுசிங், அதாவது பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்கூடு, ஒரு பக்கம் பின்னுக்குப் போய்ச் சற்றுக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. நேர் ரோட்டில் போகும்போதும் ஸ்டியரிங் கொஞ்சம் சாய்ந்தே நிற்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வண்டியின் அடிச்சட்டமான சாசியை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, பட்டையின் முன் நுனியில் வளையமாகச் சுருட்டியிருக்கும் கண்ணில் கடப்பாரை நுனியைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். கண்ணுக்குள் போல்ட் அப்படியே மேலும் கீழும் போய் வந்தது. கண்ணால் பார்த்தேன். அத்தனை நாள் 100 தாரோடு இதை நம்பியா ஓட்டினோம் என்று வயிறு கலங்கியது.

பிக்கப்பின் பின்பக்கம் முழுக்க இந்தக் கமான் பட்டையில்தான் நிற்கிறது. மெயின் பட்டையின் முன் கண் சாசியோடு ஒரே இடத்தில் போல்ட்டில் பிணைந்திருக்கும். ஹவுசிங் முன்னே பின்னே போகாமல் பிடிப்பது அந்த ஒரு முனைதான். பின் கண் சேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்கும், ஏனென்றால் பாரம் ஏறினால் வளைந்த பட்டை நிமிரும், நிமிர்ந்தால் நீளும், அந்த நீளத்துக்குச் சேக்கிள் ஆடி இடம் கொடுக்க வேண்டும். முன் கண்ணில் ஒரு புஷ், பின் கண்ணில் ஒன்று, சேக்கிளின் மேல் தலையில் சாசியில் ஒன்று. இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு புஷ். வெளியே இரும்புக் குழல், உள்ளே இரும்புக் குழல், நடுவில் ரப்பர்.

“மூணு வருசத்துக்கு முந்திதான அண்ணாச்சி மாத்துனேன்” என்றேன். “யாரு மாத்துனா, எப்படி முறுக்குனா, அதச் சொல்லுங்க” என்றார். எனக்கு உடனே நினைவு வரவில்லை.

20 ஜூன், வெள்ளி

திருநெல்வேலி ஜங்ஷன் போய் ஆறு புஷ், பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் நான்கு யு போல்ட், பட்டைத் தகடுகளைக் கோக்கும் இரண்டு சென்டர் போல்ட் வாங்கி வந்தேன். கடையில் பாலியூரித்தேன் புஷ்ஷும் காட்டினார்கள். ரப்பரைவிடக் கெட்டி, ஆனால் அது போல்ட்டைச் சுற்றிச் சுழலும் ரகம், கிரீஸ் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், குலுக்கலும் கூடும். வாழைத்தார் அடிபட்டால் தோல் கறுத்து விலை போய்விடும். ரப்பரே போதும் என்று வாங்கினேன். யு போல்ட்டைப் பழையதையே போடலாமா என்று அண்ணாச்சியைக் கேட்டதற்கு, ஒரு தடவை இழுபட்ட யு போல்ட் மறுபடி பிடி கொடுக்காது என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் எல்லாப் போல்ட்டுக்கும் துரு எண்ணெய் அடித்து ஊற விட்டிருக்கிறேன்.

21 ஜூன், சனி

வேப்ப மரத்தடியில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். முன் சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்து, சாசிக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு நிறுத்தி, ஹவுசிங்கைத் தனி ஜாக்கியில் தாங்கினோம். என் மகன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் புகப் போனான். “ஏலே, ஸ்டாண்டு ஏறி உக்காந்துருச்சான்னு பாத்தியா? ஜாக்கிய நம்பி உள்ள போவாத” என்று அண்ணாச்சி அதட்டினார். கழற்றிய சக்கரத்தையும் சாசிக்கு அடியில் படுக்கப் போட்ட பிறகுதான் அவனை விட்டார்.

வலது பக்கம் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. இடது பக்கம்தான் பாடு. முன் கண் போல்ட்டை உள்ளேயிருந்து போட்டிருக்கிறார்கள், உருவ வேண்டுமானால் டீசல் டேங்க் இடிக்கிறது. டேங்க்கின் பட்டியை இளக்கி நாலு விரல் இறக்கிய பிறகும் போல்ட் அசையவில்லை. புஷ்ஷின் உள் குழலோடு துருப் பிடித்து ஒன்றாகியிருந்தது. நான் கேஸ் வெல்டிங் ஆளைக் கூப்பிடலாமா என்றேன். அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. பட்டை, பதம் வைத்த இரும்பு. கண்ணைச் சிவக்கக் காய்ச்சினால் பதம் போய்விடும், அப்புறம் பாரத்தில் அந்த இடத்திலேயே விண்டுவிடும். போல்ட்டின் தலையில் ஸ்பேனர் மாட்டி, நீளக் குழாய் கொடுத்து, முன்னும் பின்னுமாகக் கால் சுற்று கால் சுற்றாக ஆட்டி ஆட்டி, பதினொரு மணிக்கு உருவினோம்.

இடது முன் கண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள் குழல் நடுவில் இல்லை, ஒரு ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் ரப்பரே இல்லை. இரும்பும் இரும்பும் உரசி உரசி, எட்டணாக் காசு அளவுக்கு ஓரிடம் கண்ணாடி போல மினுங்கியது. எதிர்ப் பக்கத்து ரப்பர் சுற்றுவாட்டில் கிழிந்து, கையால் இழுத்ததும் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. மகன் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “இதுதான் டொக்கு டொக்குனு அடிச்சுதாப்பா?” என்று கேட்டான்.

வெளிக் குழலை எடுப்பதற்குத்தான் மதியம் முழுக்கப் போனது. ரப்பரைத் துரப்பணத்தால் துளைத்து எடுத்தபின், ஹாக்சா பிளேடைக் கண்ணுக்குள் நுழைத்து மாட்டி, குழலை மட்டும் நீளவாட்டில் அறுக்க வேண்டும். பட்டையில் கீறல் விழக்கூடாது, கீறல் விழுந்த இடத்தில்தான் விரிசல் ஆரம்பிக்கும். அறுக்கும்போது சத்தம் மாறுவதைக் காது கொடுத்துக் கேட்கச் சொன்னார். உண்மைதான். குழல் அறுபட்டு முடிகிற நொடியில் ‘கிறீச்’ அடங்கி ஒரு மந்தமான சத்தம் வருகிறது. அதோடு நிறுத்தி, உளியால் உள்நோக்கி மடித்துத் தட்டினால் குழல் சுருண்டு வந்துவிடுகிறது. ஆறில் நான்கை இப்படித்தான் எடுத்தோம்.

22 ஜூன், ஞாயிறு

கண்ணை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் புஷ்களைத் திருகு கம்பியும் வாஷரும் வைத்து இழுத்து ஏற்றினோம். சோப்புத் தண்ணீர் மட்டும். கிரீஸோ எண்ணெயோ பட்டால் ரப்பர் ஊதிப்போய்விடும். பட்டையை ஏற்றி, சென்டர் போல்ட் தலை ஹவுசிங் குழியில் சரியாக உட்கார்ந்ததை விரலால் தடவிப் பார்த்து, யு போல்ட்டைக் குறுக்கு மாற்றிக் குறுக்கு மாற்றி முறுக்கினோம். கண் போல்ட்டுகளுக்கு நட்டைக் கையால் மாட்டியதோடு சரி.

நான் ஸ்பேனரை எடுத்தேன். அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டார். “இப்பத்தான் பையப் போகணும் தம்பி. சக்கரம் தரையில நிக்கட்டும்.”

இந்தப் புஷ் போல்ட்டைச் சுற்றி வழுக்கிச் சுழலாது. போல்ட்டை இறுக்கியதும் உள் குழல் சாசியோடு கவ்விக்கொள்ளும், வெளிக் குழல் பட்டையோடு போகும், நடுவில் ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். சக்கரம் தொங்கும்போது பட்டை கீழே வளைந்திருக்கும். அந்த நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். பாரம் ஏறினால் இன்னும் முறுக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும்.

அதைக் கேட்டதும் மூன்று வருஷத்துக்கு முந்தைய பட்டறை அப்படியே கண்ணில் வந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். வண்டி உயரத்தில் நிற்கிறது, சக்கரம் தொங்குகிறது, இரண்டு பேர் குழாய் போட்டு முழு பலத்தோடு இறுக்குகிறார்கள். எவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள் என்று நினைத்துக் கூடுதலாகவே காசு கொடுத்துவிட்டு வந்தேன். எட்டு, பத்து வருஷம் வர வேண்டிய பொருளை அன்றைக்கே கிழிய விட்டிருக்கிறார்கள். மனசு ஆறவில்லை.

சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, தொட்டியில் நானும் மகனும் ஏறிக் குதித்து ஆட்டி, பட்டை தன் இடத்துக்கு வந்த பிறகு ஆறு போல்ட்டையும் இறுக்கினோம். டேப் வைத்து அளந்தால் இரண்டு பக்கமும் 1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அண்ணாச்சி கூலி வாங்கவில்லை. ஒரு சீப்பு செவ்வாழை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

24 ஜூன், செவ்வாய்

அதே 100 தார், அதே ரோடு. முப்பந்தலில் காற்று போன தடவையைவிடப் பலம், வண்டி மொத்தமாகச் சாய்கிறது, பின்பக்கம் தனியாக ஒதுங்கவில்லை. ஸ்டியரிங் நேராக நிற்கிறது. ஏர்வாடி வேகத்தடையில் ரேடியோவை அணைத்துவிட்டுப் பிரேக் அடித்தேன். தார்கள் உரசும் சத்தம் மட்டும்தான்.

6 ஜூலை, ஞாயிறு

500 கிலோமீட்டர் ஓடிவிட்டது. யு போல்ட் நட்டுகளை மறுபடி பார்த்தேன். எட்டில் மூன்று கால் சுற்று ஏறின, மற்றவை அசையவில்லை. ஸ்பேனரை மகன்தான் பிடித்தான். அடியில் படுத்துக்கொண்டே, “அப்பா, நாலு சக்கரமும் தரையிலதான இருக்கு?” என்று கேட்டுவிட்டு இறுக்கினான்.