பதினோராவது பலகை

நான் செய்துவரும் மரக்கப்பல் மாதிரியில் இன்று பதினோராவது பலகை ஒட்டியாகிவிட்டது. நேற்று இதே இடத்தில் ஒன்று முறிந்தது. அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகவே எடுத்து வளைத்துவிட்டேன். அணியத்தின், அதாவது கப்பலின் முன்முனையின், வளைவு பொறுமை இல்லாதவனை உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கட்டிக்கொண்டிருப்பது 'டிரிங்கோமலி'. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல். பம்பாய்த் துறையில் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா தேக்கில் கட்டி, 1817 இல் கடலில் இறக்கியது. இங்கிலாந்திலிருந்து முதலில் அனுப்பிய வரைபடங்கள் 1812 இல் 'ஜாவா' என்ற கப்பலோடு அழிந்துபோக, மறுபடி அனுப்பினார்களாம். நகலெடுத்த வரைபடத்தில் ஒரு கோடு மங்கினாலே தவித்துப்போகிற எனக்கு அந்தச் செய்தி நெஞ்சைப் பிசைகிறது.

அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. இருநூறு ஆண்டுகள் தாங்கிய அந்தத் தேக்கில்தான் என் மாதிரியையும் செய்ய ஆசைப்பட்டேன். முடியாது. 1:64 அளவில் தேக்கின் ரேகைகள் பெருத்துத் தெரியும். ஒவ்வொரு பலகையும் பெரிய மரத்தின் சிராய் போல இருக்கும். அதனால் நுண்ணிய ரேகையுள்ள பேரிமரம்.

ஒவ்வொரு பலகையையும் அணியத்தை நோக்கி இழைத்துக் குறுக்க வேண்டும். இல்லையென்றால் முனையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இழைக்கும்போது சுருள் சுருளாக விழுகிற சீவலைக் கூட்டித் தள்ளவே மனம் வருவதில்லை.

பாய்மரக் கயிறுகளுக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. ஏணிக்கயிற்று முடிச்சை மட்டும் இரவில் போட்டுப் பழகுகிறேன். நாளை பன்னிரண்டாவது பலகை, இப்போதே ஊறப்போட்டுவிட்டேன்.