ஒரே வட்டில் விண்டோஸும் உபுண்டுவும்

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி விண்டோஸில்தான் ஓடும். வரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் எனக்கு அங்கேதான் பழக்கம். பைத்தான் படிக்கவும் மற்ற வேலைகளுக்கும் லினக்ஸ் வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இன்னொரு மடிக்கணினி வாங்க வசதியில்லை. ஆகவே இருக்கிற 512 ஜிபி எஸ்எஸ்டியைப் பங்கு பிரித்து, விண்டோஸ் 11-க்குப் பக்கத்திலேயே லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04-ஐக் குடிவைத்தேன்.

இதில் உபுண்டுவை நிறுவுவது சின்ன வேலை. கவனமெல்லாம் அதற்கு முன்பு விண்டோஸுக்குள் செய்யவேண்டியவற்றில் இருக்கிறது. கணக்குக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, வேறு கணினியில் திறந்து பார்த்துக்கொண்டேன். அடுத்தது விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலேயே வட்டு பூட்டப்பட்டிருக்கும், என்னுடையதும் அப்படித்தான். அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு பூட்டை முழுவதுமாக எடுத்தேன்.

பிறகுதான் வட்டைப் பிரிக்க உதவும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தேன். சி டிரைவில் பாதிக்குமேல் காலியாக இருந்தும், சுருக்கலாம் என்று அது காட்டிய இடம் 20 ஜிபிகூட இல்லை. காரணம், இடம்பெயர்க்க முடியாத கோப்புகள். ஹைபர்நேஷன் கோப்பு (கணினியை அணைக்கும்போது நினைவகத்தைச் சேமித்துவைப்பது), பேஜ் ஃபைல் (நினைவகம் போதாதபோது கைகொடுப்பது), மீட்புப் புள்ளிகள் (பழைய நிலைக்குத் திரும்ப உதவுபவை) ஆகியவை காலி இடத்தின் நடுவே எங்காவது உட்கார்ந்திருந்தால், அதைத் தாண்டி விண்டோஸ் சுருக்காது. மூன்றையும் நிறுத்திவிட்டு மறுபடி துவக்கிப் பார்த்தபோது அந்த எண் பல மடங்கு ஏறியிருந்தது. அங்கே அளவு எம்பியில் கேட்கப்படும்; ஒரு ஜிபி என்பது 1024 எம்பி. 120 ஜிபிக்கு 122880 என்று கொடுத்தேன். சி டிரைவின் நீலப் பட்டைக்கு வலப்பக்கம் கறுப்புப் பட்டை ஒன்று வந்தது. அதை ஃபார்மேட் செய்யாமல், சி, டி போன்ற டிரைவ் எழுத்தும் கொடுக்காமல் அப்படியே விட்டேன். பேஜ் ஃபைலையும் மீட்புப் புள்ளிகளையும் மட்டும் திரும்ப இயக்கினேன். விண்டோஸின் இடத்தை விண்டோஸே சுருக்குவதுதான் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு உபுண்டுவை நிறுவும் பென்டிரைவ் தயாரித்து, அதிலிருந்து துவக்கியபோது நிறுவிக்கு வட்டே தெரியவில்லை. பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், வட்டைக் கையாளும் முறை இன்டெல் ஆர்எஸ்டியில் இருந்தது. அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு எடுத்த எடுப்பில் மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகக்கூடும். அதனால் அடுத்த முறை மிக அவசியமானவற்றை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் துவங்கும்படி விண்டோஸில் குறித்துவிட்டு பயாஸில் மாற்றினேன். சேஃப் மோடில் ஒரு முறை எழுந்ததும் சரியான டிரைவரை அதுவே பிடித்துக்கொண்டது.

நிறுவியில், நாமே பிரித்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுத்து, காலி இடம் முழுவதையும் லினக்ஸின் கோப்பு வடிவமான இஎக்ஸ்டி4 ஆக ஒரே ரூட் பார்ட்டிஷனுக்கு (உபுண்டு முழுதும் குடியிருக்கும் பகுதி) கொடுத்தேன். ஸ்வாப்புக்கு (விண்டோஸின் பேஜ் ஃபைல் போன்றது) உபுண்டு தானே ஒரு கோப்பை வைத்துக்கொள்வதால் தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை. கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கவேண்டியது வட்டின் தொடக்கத்தில் இருக்கும் சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷன். விண்டோஸைத் துவக்கும் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. உபுண்டுவும் அதையே பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் ஃபார்மேட் என்ற கட்டத்தில் மட்டும் குறி விழக்கூடாது. அதைச் சரிபார்த்த பிறகே நிறுவச் சொன்னேன். முடிந்து மறுபடி துவங்கியபோது எதைத் துவக்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் விண்டோஸும் உபுண்டுவும் நின்றன.

ஹைபர்நேஷனைத் திரும்ப இயக்கவில்லை. அது இருந்தால், விண்டோஸை விரைவாகத் துவக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே வரும். அப்போது அணைத்த பிறகும் விண்டோஸ் தன் டிரைவை முழுதாக விடுவிக்காது, உபுண்டுவிலிருந்து அதில் எழுத முடியாது.

மீதமிருந்தது கடிகாரம். உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் மாலை 4 மணி காலை 10.30 என்று தெரிந்தது. கணினியின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. இந்தியாவுக்கு வித்தியாசம் ஐந்தரை மணி. நள்ளிரவு தாண்டி வேலை செய்தால் தேதியே மாறிவிடும் என்பதால் கணக்கு எழுதுகிறவர் இதை விட்டுவைக்க முடியாது. உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி உபுண்டுவின் டெர்மினலில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன். கோடைக்காக மணியை மாற்றும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. எனவே இந்த ஏற்பாட்டால் இங்கே தொந்தரவு வருவதில்லை.