குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

பையனுக்கு இப்போது ஏழு மாதம். நன்றாக இருக்கிறான். ஆனாலும் பிறந்த அன்று ராத்திரி வீணாய்ப் போன நேரத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

சீம்பால் கொடுத்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான். மாமியார் துடைத்த வெள்ளைத் துண்டில், முருங்கைக் கீரையைக் கசக்கிப் பிழிந்தாற்போல் பச்சை. நர்ஸ் எட்டிப் பார்த்து, "பனிக்குட நீரைக் குடிச்சிருப்பான்மா, சரியாயிடும்" என்றார். மூன்றாவது முறை எடுத்தபோது, "வயிறு உப்பல, கருப்பா மலமும் போயிட்டான், அடைப்பெல்லாம் இருக்காது" என்று சொல்லிவிட்டார். நாங்களும் நம்பிப் படுத்துவிட்டோம்.

காலையில் வந்த குழந்தை மருத்துவர் துண்டைப் பார்த்ததுமே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் பக்கத்து பக்கத்தில் இரண்டு காற்றுக் குமிழி, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கீழே குடலில் காற்றே இல்லை. பெரியது இரைப்பை, சின்னது அடைப்புக்கு மேலே வீங்கி நிற்கும் முன்சிறுகுடல். டியோடினல் அட்ரீசியா. பிறவியிலேயே குடல் அந்த இடத்தில் மூடியிருந்திருக்கிறது. அடைப்பு அவ்வளவு மேலே இருந்தால் வயிறு உப்பாதாம். அடைப்புக்குக் கீழே உள்ள குடலிலும் மலம் உண்டாகும், அதனால் முதல் மலம் போவதும் உண்டாம். நர்ஸ் எங்களுக்குச் சொன்ன இரண்டு ஆறுதலும் ஆறுதலே இல்லை.

எட்டாம் மாத ஸ்கேனிலேயே பனிக்குட நீர் அதிகம் என்று எழுதியிருந்தது. குழந்தை விழுங்கும் நீர் குடலுக்குள் இறங்காவிட்டால் அப்படித் தேங்குமாம். ஏன் அதிகம் என்று அன்றைக்கு நாங்களும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. நீங்கள் கேளுங்கள்.

மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அந்த மருத்துவர் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு, வயிற்றில் இருந்ததை உறிஞ்சி எடுத்து, டிரிப் ஏற்றிய பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற விட்டார். அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. டியூப் இல்லாமல் போயிருந்தால் வழியில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போயிருக்கலாம். தப்பு நான் செய்ததுதான். தெரிந்தவர் சொன்னாரென்று முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். பச்சிளங்குழந்தை ஐசியு இருந்தது, குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்பவர் இல்லை. ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. கிளம்புமுன் போன் செய்து, "குழந்தை அறுவை சிகிச்சை டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா?" என்று கேளுங்கள்.

அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு எல்லாம் கையில் இருந்ததால் அந்தப் பக்கம் தொல்லையில்லை. அப்புறம்தான் அடுத்த இடி. பிறந்த குழந்தைக்கு ரத்தம் பொருத்திப் பார்க்க அம்மாவின் ரத்தமும் வேண்டும் என்றார்கள். அவளோ சிசேரியன் ஆகி ராமநாதபுரத்தில் படுத்திருக்கிறாள். மச்சான் சாம்பிளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது. குழந்தையை மட்டும் வேறு ஊருக்கு அனுப்புகிறவர்கள் அம்மாவின் ரத்த சாம்பிளையும் கையோடு வாங்கிக்கொண்டு போங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், எக்ஸ்ரே படம், வைட்டமின் கே ஊசி போட்ட குறிப்பு, இவையும் வேண்டும்.

இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள், நல்லபடியாக இருந்தது. இந்த அடைப்போடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி குரோமோசோம் குறைபாடு இருக்கலாமென்று அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கு இல்லை. சர்ஜன் ஒரு தாளில் வரைந்து காட்டினார்: மேல் குடலில் குறுக்கே ஒரு வெட்டு, கீழ்க் குடலில் நெடுக்கே ஒரு வெட்டு, இரண்டையும் வைரம் வடிவில் சேர்த்துத் தைப்பது. பிறகு துண்டைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "இது குடல் முறுக்கா இருந்திருந்தா, சில மணி நேரத்துல குடலே அழுகிப் போயிருக்கும். பச்சை வாந்தின்னா முதல்ல அதைத்தான் பயப்படணும்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காத்திருப்புதான் கொடுமை. தினமும் மூக்குக் குழாயில் வடிவது பச்சையா, எவ்வளவு என்று குறித்துக்கொண்டே இருந்தேன். வீங்கிக் கிடந்த குடல் வேலைக்குத் திரும்ப நாளாகும் என்றார்கள். ஊரில் மனைவி மூன்று மணிக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தாள், பால் வற்றிவிடக் கூடாதே என்று. இதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

பதினோராம் நாள் குழாயில் வந்தது கிட்டத்தட்ட வெறும் எச்சில். மறுநாள் அவளும் வந்து சேர்ந்தாள். பாலாடையில் 5 மில்லி கொடுத்தோம். ராத்திரி முழுக்க அவன் கழுத்தடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவைத்து, இரண்டு பேரும் மாறி மாறி டார்ச் அடித்துப் பார்த்தோம். விடிந்தபோதும் துண்டு வெள்ளையாகவே இருந்தது.