அத்தைக்கு 10 சென்டா, 30 சென்டா

போன மாசம் நெல்லிக்குப்பம் பக்கத்துல எங்க ஊர் வீட்டுத் திண்ணையில அத்தை ஒரு முறம் புளியங்கொட்டைய கொட்டி அதுல 90 எண்ணி எடுத்து என் முன்னாடி தள்ளினாங்க. தாத்தாவோட நிலம் 90 சென்ட், ஒரு கொட்டைக்கு ஒரு சென்ட். "வக்கீலு சொல்றது ஒண்ணும் வெளங்கல பாப்பா, நீ கணக்கு டீச்சர்தானே, எனக்கு எத்தனைன்னு பிரிச்சுக் காட்டு"ன்னாங்க. அத்தை அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவங்க.

நான் கடலூர்ல ஸ்கூல்ல கணக்கு எடுக்குறேன், பார்ட் டைம்ல பிஎச்டி பண்ணணும்னு மூணு வருஷமா அலையுறேன், எடுத்துக்கிட்ட விஷயம் பின்னம், அதாவது பசங்க பின்னத்த எப்படிப் புரிஞ்சுக்கிறாங்க, வீட்ல சொத்து பாகம் பிரிக்கும்போது அதே பின்னம் என்னவா வருது, இது ரெண்டையும் சேர்த்துப் பாக்கணும்னு ஆசை. ஒரு பல்கலைக்கழகத்துல கணக்குத் துறையில போய் நின்னா "இதுல தேற்றம் எங்கம்மா இருக்கு, கல்வியியல் பக்கம் போங்க"ன்னாங்க, அங்க போனா "வாரிசுச் சட்டம் எதுக்கு உள்ள வருது"ன்னாங்க, சட்டத்துறையில "எல்.எல்.பி முடிச்சிருக்கீங்களா", பொருளாதாரத்துல "டேட்டா எங்க". நாலு பேரும் நல்லவங்கதான், டீ கூட வாங்கிக் குடுத்தாங்க. ஆனா ஒருத்தரும் பேப்பரைக் கையில வாங்கி முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்கல. அது இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

சரி, கொட்டைக்கு வரேன்.

தாத்தா 2001ல இறந்துட்டாரு, ஆயா அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. பூர்வீக நிலம், உயில் கிடையாது. வாரிசு பெரியப்பா, எங்கப்பா, அத்தை மூணு பேர். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தத்துக்கு முன்னாடி இருந்த மாதிரி பாத்தா, பூர்வீக நிலத்துல பையனுங்களுக்கு மட்டும் பிறப்பாலயே பங்கு, அதனால தாத்தா கண்ண மூடுறதுக்கு முந்தின நிமிஷம் அவரும் ரெண்டு பையனும் பாகம் பிரிச்சுக்கிட்டதா கற்பனை பண்ணிக்கணும். மூணு குவியல், குவியலுக்கு 30. அப்புறம் தாத்தாவோட 30ஐ மட்டும் மூணு பிள்ளைங்களுக்கும் சமமா பத்து பத்தா பிரிக்கணும். பெரியப்பாவுக்கு 40, அப்பாவுக்கு 40, அத்தைக்கு 10. அத்தை அந்தப் பத்து கொட்டைய உள்ளங்கையில வெச்சு கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க, ஒண்ணும் பேசல.

தமிழ்நாட்டுல 1989லயே மகளுக்கும் பிறப்பால பங்குன்னு திருத்தம் வந்துச்சு, ஆனா அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாது, அத்தைக்கு 86லயே கல்யாணம் ஆயிடுச்சு. 2005ல நாடு முழுக்க திருத்தம் வந்தப்ப கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்கன்ற பேதம் போச்சு, ஆனா 2015ல சுப்ரீம் கோர்ட் அந்த 2005 செப்டம்பர் 9 அன்னிக்கு அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு சொன்னதால அத்தை மறுபடியும் வெளிய. 2020 ஆகஸ்ட் 11ல மூணு நீதிபதிங்க வினீதா சர்மா வழக்குல அது தேவையில்லன்னு சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல பத்திரம் எதுவும் போடாம வாய்ப்பேச்சாவே உழுதுக்கிட்டு இருந்ததால அந்தத் தீர்ப்பு அத்தைக்கும் பொருந்துதுன்னு வக்கீல் சொன்னாரு.

தாத்தா, ரெண்டு பையன், அத்தை, இப்ப குவியல் நாலு. 90ஐ நாலா பிரிச்சா 22 போக ரெண்டு கொட்டை மிச்சம். அத்தை எழுந்து போய் பாக்குவெட்டி எடுத்துட்டு வந்து அந்த ரெண்டையும் நடுவுல நறுக்கி குவியலுக்கு அரைக் கொட்டைய வெச்சாங்க. தாத்தாவோட இருபத்திரண்டரைய மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஏழு, மிச்சம் ஒண்ணரை, அந்த முழுசையும் நறுக்கினா மூணு அரை, ஆளுக்கு ஒரு அரை. அத்தை தன் குவியல்ல இருந்த அரையையும் இந்த அரையையும் ஒட்டி வெச்சு "முழுசாயிடுச்சு பாரு"ன்னாங்க. 30.

கிளாஸ்ல அரையும் மூணுல ஒண்ணும் கூட்டச் சொன்னா மேலயும் கீழயும் தனித்தனியா கூட்டி அஞ்சுல ரெண்டுன்னு எழுதுற பசங்கள வருஷா வருஷம் பாக்குறேன். எதுல ஒரு பங்குன்றதுதான் அங்க நழுவிப் போகுது. அத்தைக்கு அது நழுவவே இல்ல, ஏன்னா அவங்களுக்கு அது நிலம்.

நம்ம பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடி வாய்ப்பாடும் நிலம், நெல்லு, கூலியோட ஒட்டினதுதான். கால், அரைக்கால், மாகாணி 16ல ஒண்ணு, மா 20ல ஒண்ணு, காணி 80ல ஒண்ணு, முந்திரி 320ல ஒண்ணு. 320ஐ மூணால வகுக்க முடியாது, அதனால மூணு பேர் பாகம்னா முந்திரி வரைக்கும் இறங்கினாலும் கொஞ்சம் மிஞ்சிக்கிட்டேதான் இருக்கும், இது எனக்கே போன வருஷம்தான் உறைச்சுது. புதுச்சேரியில லைப்ரரியில உக்காந்து படிச்சப்ப இன்னொண்ணும் தெரிஞ்சுது, லெ ஜான்ட்டின்னு ஒரு பிரெஞ்சு வானியல்காரர் 1769ல வெள்ளி சூரியனைக் கடக்குறத பாக்க புதுச்சேரியில காத்திருந்து மேகம் மூடி ஏமாந்தவரு, அவருக்கு இங்க ஒரு தமிழர் சோழிய வெச்சே 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்காரு, கிரகண நேரத்துல 41 வினாடிதான் பிசகு. திண்ணையில அத்தை கொட்டைய நகர்த்தினப்ப எனக்கு அந்த ஞாபகம்தான்.

தென்பெண்ணையத் தாண்டிட்டா சட்டமே வேற கதை. பிரெஞ்சு காலத்து புதுச்சேரி வழக்கப்படி மகனுக்குப் பிறப்பால உரிமை கிடையாது, அப்பா இருக்குற வரைக்கும் சொத்து முழுக்க அவரோடது, அப்ப நான் போட்ட கணக்குல அப்பாவும் பிள்ளைங்களும் முதல்ல குவியல் பிரிச்சுக்கிறதே அங்க கிடையாது. 1881 ஆணைப்படி தங்களோட மத, வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறின குடும்பங்கள்ல மகனும் மகளும் சமம். புதுச்சேரி பக்கம் பாகூர்ல என்ன கணக்கு, நம்ம பக்கம் என்ன கணக்குன்னு ஒருத்தர் உக்காந்து எழுதினா எவ்ளோ பிரயோஜனமா இருக்கும், அதே பாகூர்ல 9ஆம் நூற்றாண்டுலயே கல்விச்சாலைக்குன்னு மூணு ஊரை எழுதி வெச்ச செப்பேடு கிடைச்சிருக்கு.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும். பொம்பளப் பிள்ளைக்கும் சமபங்கு குடுத்தா நிலம் துண்டு துண்டாயிடும், விவசாயம் கட்டாதுன்னு பொருளாதாரம் படிச்சவங்களே பேசி கேட்டிருக்கேன். 2015-16 வேளாண் கணக்கெடுப்புல நாட்டோட சராசரி சாகுபடி நிலமே 1.08 ஹெக்டேர்தான், அந்தப் பயம் எனக்கும் புரியுது. ஆனா எங்க கொட்டையப் பாருங்க, பழைய கணக்குலயும் மூணு துண்டு, புதுக் கணக்குலயும் மூணு துண்டு. 40, 40, 10 இருந்தது 30, 30, 30 ஆயிருக்கு. பத்து சென்ட்ல கரும்பு போட்டு என்ன பண்றது, முப்பதுல ஏதோ பண்ணலாம். துண்டாகுறது வாரிசு எத்தனை பேர்ன்றதுல இருக்கு, அத்தைய சேர்த்ததுல இல்ல. வருஷத்துக்கு 6,000 ரூபா வர்ற பிஎம் கிசானுக்கும் பேர்ல நிலம் வேணும், வயசான காலத்துல அந்தப் பணம் அத்தைக்கு சின்ன விஷயம் இல்ல.

அப்பாவுக்கு இதுல 10 சென்ட் போகுது. தாழ்வாரத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. பெரியப்பா, பங்கை விட்டுக் குடுக்குறேன்னு எழுதுற விடுதலைப் பத்திரத்துல அத்தைகிட்ட கையெழுத்து வாங்கிடலாம்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்காரு, சீர் செஞ்சாச்சே, வளைகாப்பு செஞ்சாச்சேன்னு. அப்பா எதுவும் சொல்லாம கீழ சிதறிக் கிடந்த கொட்டைய பொறுக்கி அத்தை குவியல்ல வெச்சாரு, அவ்ளோதான்.

பட்டாவுல 0.36.50 ஹெக்டேர்னு இருக்கு. 90 சென்ட்னா 0.36.42தான் வரணும், எட்டு சதுர மீட்டர் இடிக்குது. அத்தைகிட்ட சொன்னேன். "அது யாருக்கு?"ன்னு உடனே கேட்டாங்க. அளந்தாதான் தெரியும்னேன். சர்வேயருக்குப் பணம் கட்டியாச்சு, இன்னும் தேதி வரல.