அம்மாவுக்குக் கேட்கும் மேசை

புதிதாக ஓர் உணவகம் திறந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், சமையல் எப்படி, விலை எப்படி என்றுதான் எல்லோரும் விசாரிப்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு: அங்கே உட்கார்ந்து பேச முடிகிறதா?

அம்மா இரண்டு காதுகளிலும் கருவி அணிகிறார். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் ஒரு சொல்லும் தவறுவதில்லை. வெளியே சாப்பிடப் போனால்தான் சிக்கல். அதற்காகப் போகாமல் இருக்கவும் முடியாது. நாலு பேர் கூடி, யாரோ சமைத்துப் பரிமாற, நிதானமாகச் சாப்பிடுவது அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கும். நல்ல புடவை உடுத்திக்கொண்டு அரை மணி நேரம் முன்பே கிளம்பித் தயாராக இருப்பார். ஆகவே நகரத்தின் எளிய கடைகள், ஆடம்பர விடுதிகள் என்று அவரோடு நிறையவே ஏறி இறங்கியிருக்கிறேன். எனக்குத் தெளிவானது ஒன்று. பேச்சு காதில் விழும் இடத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை.

முதுமையில் வரும் காது மந்தத்தில் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் வலுவாக வருகின்றன. ‘ஸ’, ‘ஷ’, ‘ஃப’ போன்றவை உயர்ந்த சுருதியில் மெலிதாக வருகின்றன. சொல்லுக்குச் சொல் வேறுபாட்டைக் காட்டுவது பெரும்பாலும் மெய்யொலிகள்தான். அவை நழுவிவிட்டால் குரல் மட்டும் எஞ்சும். “பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை” என்று அம்மா சொல்வதைச் சிலர் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள். காது மருத்துவர் சொல்வதும் அதே விஷயத்தைத்தான். கருவி ஒலியைப் பெருக்கித் தரும். ஆனால் பக்கத்து மேசையின் சிரிப்பையும் தட்டு மோதும் சத்தத்தையும் சேர்த்தே பெருக்கித் தரும். அறுபது வயதைக் கடந்தவர்களில் கால் பங்குக்கும் அதிகமானோருக்கு வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இத்தனை பேரை மறந்துவிட்டு ஒரு சாப்பாட்டுக் கூடத்தை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

ஒரு மீட்டர் தூரத்தில் இருந்து சாதாரணமாகப் பேசும் குரல் ஏறக்குறைய 60 டெசிபல். டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிவிடுகிறது. கூடத்தின் இரைச்சல் ஏற ஏற நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார்ட் 1911-இல் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அது லொம்பார்ட் விளைவு எனப்படுகிறது. நாம் குரலை உயர்த்தினால் அடுத்த மேசைக்காரர்கள் இன்னும் உயர்த்துவார்கள், அதைக் கேட்டு நாம் மேலும் உயர்த்துவோம். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பொறுப்பு அந்தக் கூடத்தைக் கட்டியவருடையது.

எளிய கடைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே சத்தம் உண்டு. பாத்திரம் விழும், யாரோ உள்ளே குரல் கொடுப்பார்கள், நாற்காலியைத் தரையோடு இழுப்பார்கள். ஆனால் அவை விட்டு விட்டு வரும் ஓசைகள். நடுவே இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் பேசிக்கொள்ளலாம். வெளிச்சம் நன்றாக இருக்கும். உதடு அசைவதைப் பார்த்துப் பாதிச் சொற்களைப் பிடிக்கும் அம்மாவுக்கு வெளிச்சம் இன்னொரு காது. இருப்பதோ கொஞ்சம் பதார்த்தங்கள், அவையும் கண்முன்னே தெரியும். விரலைக் காட்டினால் போதும், வந்துவிடும். எங்கள் தெருமுனைக் கடையில் பரிமாறுகிற பையன் அம்மாவின் எதிரே வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து, “பாட்டி, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?” என்று கேட்பான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தக் கடையில் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் தானே கேட்டு, தானே சாப்பிட்டு, தானே கணக்கையும் தீர்த்துவிட்டு வருவார்.

ஆடம்பரமான இடங்களில் பழையவை வேறு, புதியவை வேறு. கனத்த திரைச்சீலை, தரை முழுக்கக் கம்பளம், மெத்தை வைத்த நாற்காலி, தடித்த மேசைவிரிப்பு என்று இருந்த பழைய விடுதிக் கூடங்களில் ஒலி அடங்கிக் கிடந்தது. மென்மையான பொருள்கள் ஒலியை வாங்கிக்கொள்ளும். பிறகு ரசனை மாறியது. துணிகளை அகற்றினார்கள். பூசாத செங்கல் சுவர், மெருகேற்றிய சிமென்ட் தரை, கண்ணாடித் தடுப்பு, குழாய்கள் தெரியும் உயரமான கூரை, கூடத்தை நோக்கித் திறந்த சமையலறை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட ஒலியை விழுங்காது. வந்த ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். அதற்குமேல் பாட்டு வேறு.

பாட்டு தற்செயலாக ஒலிப்பது அல்ல. ரொனால்ட் மில்லிமன் என்ற ஆய்வாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மெதுவான இசை ஒலித்தபோது ஒரு மேசையில் சராசரியாக 56 நிமிடமும், வேகமான இசை ஒலித்தபோது 45 நிமிடமும் மக்கள் இருந்தார்கள். மேசை சீக்கிரம் காலியாக வேண்டும் என்று நினைப்பவர் எந்த இசையைத் தேர்ந்தெடுப்பார் என்பதை நாமே யூகித்துக்கொள்ளலாம்.

போன மழைக்காலத்தில் அண்ணன் தன் பதவி உயர்வுக்காக எங்கள் எல்லோரையும் ஒரு பெரிய இடத்துக்கு அழைத்துப் போனார். சமையல் பிரமாதம், அதில் எனக்குக் குறையே இல்லை. ஒவ்வொரு தட்டாக வந்தது. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு, சர்வர் அது என்ன, எதில் ஊறியது, எதை முதலில் சாப்பிட வேண்டும் என்று மெல்லிய குரலில் விளக்கினார். மேசை மேல் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அவர் முகம் இருட்டில். அம்மா ஒவ்வொரு விளக்கத்துக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்பது அதன் பொருள். பிறகு அண்ணி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அம்மாவும் சிரித்தார், ஒரு கணம் தாமதமாக. கடைசியில் இனிப்பு வந்தபோது சர்வர் என் பக்கம் குனிந்து, “அவருக்கு எது வேண்டும்?” என்று கேட்டார். அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். “அவரிடமே கேளுங்கள்” என்றேன். அவர் கேட்டார், அம்மாவுக்கு விழவில்லை, மறுபடியும் என்னைப் பார்த்தார்.

கைபேசியில் ஒலி அளக்கும் செயலி வைத்திருக்கிறேன். அதில் அன்று 84 காட்டியது; கைபேசி அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், வேலை செய்பவர்களின் காதுக்கு வைத்திருக்கும் வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும்: 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு. நாம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவோம். அந்த சர்வர் தினமும் அங்கேயே நிற்கிறார். அவர் கேட்டது அம்மாவுக்கு விழாமல் போனதிலும் வியப்பில்லை.

சாப்பாட்டின் பெருமையைப் பேசுகிறவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 2011-இல் வந்த ஓர் ஆய்வில், காதில் உரத்த இரைச்சல் ஒலிக்கச் சாப்பிட்டவர்களுக்கு இனிப்பும் உப்பும் குறைவாகத் தெரிந்தன. உப்பைச் சிட்டிகை கணக்கில் அளந்து போடும் சமையற்காரர், தன் கூடத்தின் கூரையைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை.

மதிப்பீடுகளும் உதவுவதில்லை. உணவகங்களைத் தரம்பிரிக்கும் பிரான்ஸின் மிஷெலின் கையேடு 1926-இல் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. அந்த நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டுமே; கூடத்தின் அலங்காரமோ வசதியோ அதில் சேராது. அதனால்தான் 2016-இல் சிங்கப்பூரில் ஒரு சந்தைக் கடைக்கே நட்சத்திரம் கிடைத்தது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதே காரணத்தால், மூன்று நட்சத்திரம் இருந்தாலும் அங்கே அம்மா பேச்சில் கலந்துகொள்ள முடியுமா என்று அந்தக் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழ் தன் உணவக விமர்சனங்களில் சத்தத்துக்கென்றே தனி அளவுகோல் வைத்திருந்தது. அமைதியான இடத்துக்கு ஒரு மணியின் படம், சத்தம் ஏற ஏற நான்கு மணிகள் வரை, 80 டெசிபலைத் தாண்டினால் வெடிகுண்டுச் சின்னம். ஒவ்வொரு ஊர்ப் பத்திரிகையும் இதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்போது இடம் பதிவு செய்யத் தொலைபேசியில் அழைக்கும்போதே சொல்லிவிடுகிறேன். காது கேட்காத பெரியவர் வருகிறார். மூலை மேசை வேண்டும். சமையலறைக் கதவும் ஒலிபெருக்கியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. திறந்த உடனேயே போய்விடுவோம், கூட்டம் சேரும் முன் பாதிச் சாப்பாடு முடிந்துவிடும். அம்மாவின் கருவி முன்னால் வரும் ஒலிக்கு முதலிடம் தருவது. ஆகவே கூடத்துக்கு முதுகு காட்டி அவரை உட்காரவைத்து, சுவர்ப் பக்கம் நான் உட்காருவேன். என் முகத்தில் விளக்கு விழ வேண்டும். வட்ட மேசை கிடைத்தால் விடமாட்டேன். நீள மேசையில் கடைசியில் இருப்பவரின் உதடு தெரியாது.

சொன்னால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓரிடத்தில் மேலாளர் எங்கள் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்து வந்து, “இப்போது சரியாக இருக்கிறதா அம்மா?” என்று அம்மாவிடமே கேட்டார். இன்னோரிடத்தில் பாட்டைக் குறைத்தால் கூடம் செத்துப்போகும் என்றார்கள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். கட்டடத்தை இடிக்கச் சொல்லவில்லை. கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பதிக்கலாம். அங்கே யார் கையும் படாது, அழகும் கெடாது. நாற்காலிக் கால்களில் கம்பளித் துண்டு ஒட்டலாம். சர்வரிடம், பெரியவர்களின் எதிரே நின்று அவர்களைப் பார்த்தே பேசச் சொல்லலாம். அதற்குச் செலவே இல்லை.

அடுத்த மாதம் அம்மாவின் பிறந்தநாள். அண்ணன் பதினைந்து பேரை அழைக்க வேண்டும் என்கிறார். நான் நான்கு பேர் என்கிறேன். அம்மா இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: மூன்று நாள், நாள் ஒன்றுக்கு ஐந்து பேர், ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடம். எந்தெந்த இடம் என்று அவரே தேர்ந்தெடுக்கப் போகிறார். தெருமுனைக் கடை ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது.